அக்குளில் கட்டிய நெறியும் பூனைக்குட்டியின் தெள்ளுப்பூச்சியும்: பூனைக் கீறல் நோய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பத்தினரின் சம்மதத்துடன் இது எழுதப்படுகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 11 வயதுச் சிறுமி. முன்பு பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருந்தன. வீட்டில் அப்பா, அம்மா, தம்பி, அப்பாவின் அம்மா ஆகியோர் இருக்கிறார்கள். பாட்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். சிறுமியின் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அப்போது தோன்றினாலும், சிகிச்சை அளித்த நாங்கள் அதிகம் யோசித்து எடுத்த முடிவு பாட்டியைப் பற்றியதுதான்.

வீட்டில் வயதான பூனை ஒன்று பல ஆண்டுகளாக உண்டு. அது வெளியே போவதில்லை. சிறுமி எங்களிடம் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு, தெருவில் தாயில்லாமல் கிடந்த ஒரு குட்டியைப் பிள்ளைகள் எடுத்து வந்தார்கள். வந்த அன்றே குளிப்பாட்டினார்கள். பார்க்கச் சுத்தமாக, துறுதுறுவென்று இருந்ததால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதல் மூன்று வாரங்கள்

சிறுமிக்கு இடது அக்குளில் வலி தொடங்கியது. தலைவாரக் கையைத் தூக்கும்போது முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் அம்மா தொட்டுப் பார்த்திருக்கிறார், நெறி கட்டியிருந்தது. இரண்டு நாள் லேசான காய்ச்சல் வந்து போனது. அருகிலிருந்த மருத்துவர் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். ஒரு வாரம் சாப்பிட்டும் நெறி குறையவில்லை, இன்னும் பெரிதானது.

அடுத்துப் போன இடத்தில் இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்-ரே, காசநோய்க்கான தோல் பரிசோதனை, அக்குளில் ஸ்கேன் எல்லாம் செய்தார்கள். வெள்ளணு எண்ணிக்கை இயல்பு. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். சற்று கூடுதல். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை. தோல் பரிசோதனை எதிர்மறை. ஸ்கேனில் 3 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட ஒரு நிணநீர் முடிச்சும் அருகில் சிறியவை இரண்டும் தெரிந்தன. திறந்து எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று ஆலோசனை சொல்லப்பட்டது. காசநோயா, புற்றுநோயா என்ற இரண்டு கேள்விகளோடுதான் பெற்றோர் எங்களிடம் வந்தார்கள். அந்த மூன்று வாரமும் சரியாகத் தூங்கவில்லை என்று அப்பா சொன்னார்.

அந்த ஆலோசனை தவறானது அல்ல. ஆறாத நெறிக்குக் காரணம் தெரியாதபோது திசுவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி மீதமிருந்தது. முன்பு பார்த்த இரண்டு இடங்களிலும் "ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அம்மா சொன்ன பதிலும் உண்மைதான். எதுவும் கடிக்கவில்லை.

எங்களிடம் வந்தபோது கண்டது

அக்குளில் நெறி கெட்டியாக, தொட்டால் வலிப்பதாக இருந்தது. மேல்தோல் இன்னும் சிவக்கவில்லை. கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறி இல்லை. கல்லீரல், மண்ணீரல் வீக்கமும் இல்லை. ஒரு பக்கத்து அக்குளில் மட்டும் நெறி கட்டினால் அந்தக் கை முழுவதையும் விரல் நுனி வரை பார்க்க வேண்டும். இடது புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பழுப்பு நிறத்தில் சிறிய பொருக்குக் கட்டிய புடைப்பு ஒன்று ஏறக்குறைய ஆறிய நிலையில் இருந்தது. அதை ஒட்டி இரண்டு மெல்லிய வெளிறிய கோடுகள். கொசு கடித்த தழும்பு என்று அம்மா நினைத்திருந்தார். முன்கையில் இன்னொரு கீறலும் இருந்தது; அது புதியது.

எடை பார்க்க அழைத்துப்போன செவிலியர்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். "வீட்டுல பூனை இருக்காம்மா?" என்று அவர் கேட்டதும் சிறுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "குட்டி விளையாடுறப்போ கீறும் சிஸ்டர். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, கொண்டுபோய் விட்டுடுவாங்க." முதல் கீறல் விழுந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. சில நாட்களில் அந்த இடத்தில் சின்னப் பரு போல எழும்பியதை அவள் கவனித்திருக்கிறாள். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறாள். புதிய கீறல் மூன்று நாளுக்கு முன் விழுந்தது, இரத்தம் வரவில்லை.

பூனைக் கீறல் நோயின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கீறிய இடத்தில் 3 முதல் 10 நாளுக்குள் ஒரு சிறு புடைப்பு வரும். அதன்பின் ஒன்று முதல் மூன்று வாரத்தில், சில சமயம் இன்னும் தாமதமாக, அந்தப் பக்கத்து நெறி வீங்கும். நெறி தெரியும் நேரத்தில் கீறல் ஆறிப்போயிருக்கும், நினைவிலும் இருக்காது. பிள்ளை அதை மறைத்தும் வைத்திருந்தால் மருத்துவருக்கு வழியே அடைபட்டுவிடுகிறது.

இந்த நோயைப் பிரான்ஸில் ராபர்ட் தெப்ரே என்ற குழந்தை மருத்துவர் 1950-இல் விவரித்தார். நெறித் திசுவில் கிருமி கண்ணுக்குப் பட்டது 1983-இல்தான். அது பார்டோனெல்லா ஹென்செலே என்று உறுதிப்பட்டது 1990-களின் தொடக்கத்தில். பூனைக்குப் பூனை அது எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு 1996-இல் வெளியான ஓர் ஆய்வு பதில் தந்தது. கிருமி உள்ள பூனைகளிடமிருந்து எடுத்த தெள்ளுப்பூச்சிகளை நோயற்ற குட்டிகள் மீது விட்டபோது, அந்தக் குட்டிகளின் இரத்தத்திலும் கிருமி வந்தது. தெள்ளு கழிக்கும் மலத்தில் கிருமி இருக்கிறது. அரிப்புத் தாங்காமல் பூனை சொறியும்போது அது நகத்தடியில் ஏறுகிறது. அந்த நகம் நம் தோலைக் கிழிக்கும்போது உள்ளே போகிறது. அதனால்தான் இந்த வீட்டில் நாங்கள் பூனையைவிடத் தெள்ளைத் தேடினோம்.

முதல் நாள் எடுத்த முடிவுகள்

முதலில் தீர்க்க வேண்டியது வெறிநோய்க் கேள்வி. பூனைக் கீறல் நோய் பெரும்பாலும் தானே ஆறிவிடும். வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. ஆகவே வரிசையில் அதுதான் முன்னால். பழைய கீறலுக்குப் பின் பல வாரமாகக் குட்டி நலமாக இருந்ததால் அதைப் பற்றிக் கவலை இல்லை. மூன்று நாள் முந்திய கீறல் வேறு விஷயம். தெருவில் எடுத்த குட்டி, தடுப்பூசி போடாதது, வெறிநோய் உள்ள பகுதி. இரத்தம் வராத சிறு கீறல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இரண்டாம் வகை: காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், தாமதிக்காமல் தடுப்பூசி தொடங்க வேண்டும். தோலைத் துளைத்த காயமாக இருந்திருந்தால், தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்ந்திருக்கும். அன்றே முதல் தவணை போட்டோம். கீறிய நாளிலிருந்து 10 நாள் குட்டியைக் கண்காணிக்கச் சொன்னோம். அந்த 10 நாளும் அது வீட்டிலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னோம். பயந்துபோய் விலங்கை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டால் கண்காணிக்க எதுவும் மிஞ்சாது. குட்டி நலமாகவே இருந்தது. அதன் பின் வழிகாட்டுதல் அனுமதிப்பதுபோல் மீதித் தவணைகளை நிறுத்தினோம்.

இரண்டாவது, நெறியைக் கீறித் திறப்பதில்லை என்ற முடிவு. பூனைக் கீறல் நோயில் அப்படித் திறந்தால் ஆறாத புரை விழுந்து மாதக்கணக்கில் கசியலாம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோயிலும் காசநோயிலும் திசுவில் கிரானுலோமா என்ற அழற்சித் திரட்சி தென்படும். பூனையைப் பற்றிய தகவல் இல்லாமல் திசு ஆய்வகத்துக்குப் போனால், அறிக்கை காசநோய்ச் சிகிச்சையின் பக்கம் தள்ளிவிடக்கூடும். ஆறு மாதம் தேவையில்லாத மாத்திரை ஒரு பிள்ளைக்குச் சின்னச் சுமை அல்ல. எனவே பார்டோனெல்லாவுக்கான எதிர்ப்புப் பொருள் பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினோம். அது எதிர்மறையாக வந்தாலோ, எடை குறைவு, நீடிக்கும் காய்ச்சல், வேறு இடங்களில் நெறி என்று எதாவது சேர்ந்தாலோ திசுப் பரிசோதனைக்குத் திரும்புவது என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

மூன்றாவது, மருந்து. நலமான பிள்ளைக்கு மருந்தே இல்லாமலும் இது இரண்டு முதல் நான்கு மாதத்தில் வற்றிவிடும். அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இருக்கும் முக்கியமான ஆதாரம் 1998-இல் வெளியான 29 பேர் கொண்ட சிறிய ஆய்வு. முதல் 30 நாளில் நெறி பெருமளவு சுருங்கியவர்கள் மருந்து எடுத்த 14 பேரில் 7, எடுக்காத 15 பேரில் 1. அதற்குப் பிறகு இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய நெறி, கை தூக்க முடியாத வலி என்பதால் ஐந்து நாள் மருந்து கொடுத்தோம்: முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., பிறகு 5 மி.கி. மருந்து முடிந்த மறுநாள் நெறி மறைந்துவிடாது, இடையில் பெரிதாகக்கூட ஆகலாம் என்று அப்போதே சொன்னது பின்னால் மிகவும் உதவியது.

சிறுமி சொன்னதை அவளுடைய அனுமதி கேட்டு, அவளை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னோம். குட்டியை வெளியேற்ற மருத்துவக் காரணம் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னோம். அம்மா கண்கலங்கிவிட்டார். பிள்ளை மூன்று வாரம் வலியோடு அதை ஒளித்து வைத்திருந்தது அவருக்கு நெறியைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

சீழ் வைத்தபோது

அடுத்த வாரம் நெறி இளகியது. மேல்தோல் சிவந்து பளபளத்தது. பத்துப் பேரில் ஒருவருக்கு, சற்றுக் கூடுதலாகவும், இப்படிச் சீழ் வைக்கும். நெறியின் மேல் நேராகக் குத்தாமல், பக்கவாட்டில் நல்ல தோல் வழியாக ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுத்தோம். கெட்டியான மஞ்சள் சீழ் வந்தது. அன்றிரவே வலி பாதியானது. சீழைச் சாதாரண வளர்ப்புச் சோதனை, காசநோய்க்கான மரபணுச் சோதனை, பார்டோனெல்லாவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். என்று மூன்றுக்கும் அனுப்பினோம். முதல் இரண்டிலும் எதுவும் இல்லை. பி.சி.ஆர். நேர்மறை. அதற்குள் இரத்தப் பரிசோதனையும் வந்திருந்தது: ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருள் 1:512, அதாவது 512 மடங்கு நீர்த்த பிறகும் தென்பட்டது. 1:256 அல்லது அதற்கு மேல் இருந்தாலே அண்மைத் தொற்று என்று கொள்ளலாம்.

கண் சிவந்து காதோரம் நெறி கட்டுதல், திடீர்ப் பார்வைக் குறைவு, கடும் தலைவலி, வலிப்பு, குழப்பம், வாரக்கணக்கில் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். இந்தக் கிருமி அபூர்வமாகக் கண், மூளை, கல்லீரல், மண்ணீரல் வரை போகக்கூடியது. இவளுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

வீட்டுக்குள் செய்தவை

குட்டியைப் பார்த்த கால்நடை மருத்துவர் பற்கள் நெருங்கிய சீப்பால் வாலடியிலும் முதுகிலும் வாரினார். உதிர்ந்த கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினார். மண்ணாக இருந்தால் கரும்புள்ளியாகவே கிடக்கும். இது சில நொடிகளில் துருநிறத்தில் கசிந்து பரவியது. தெள்ளு குடித்த இரத்தம்தான் மலமாக உலர்ந்து அப்படிக் கிடக்கிறது. குட்டியைத் தினமும் மடியில் வைத்திருந்தும் வீட்டில் ஒருவர்கூட ஒரு தெள்ளைக் கண்ணால் பார்த்ததில்லை.

குட்டிக்கு இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. ஒரு பூனையின் இரத்தத்தில் கிருமி விட்டுவிட்டுத்தான் தெரியும். இல்லை என்று வந்தால் நிம்மதி கொள்ள முடியாது, இருக்கிறது என்று வந்தாலும் செய்யப்போவது அதே தெள்ளு ஒழிப்புதான். ஆன்டிபயாடிக்கும் கொடுக்கவில்லை. நோய் அறிகுறி இல்லாத பூனைக்குக் கொடுத்தாலும் கிருமி முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை. குட்டிக்கும் முதிய பூனைக்கும் ஒரே நாளில் தெள்ளு மருந்து போடப்பட்டது. குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதிலேயே போட்டிருக்க வேண்டியது. 10 நாள் கண்காணிப்பு முடிந்ததும் அதுவும் போடப்பட்டது.

இடையில் ஆபத்து ஒன்று கடந்து போனது. அப்பா அவசரத்தில் நாய்களுக்கான தெள்ளு மருந்து ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நல்லவேளையாக, போடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டினார். அதில் பெர்மெத்ரின் இருந்தது. நாய்க்குப் பொருந்தும் அந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை இறந்தும் போகலாம். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் பெர்மெத்ரினை மறக்கக் கூடாது.

வீட்டிலிருக்கும் தெள்ளுகளில் பெரும்பகுதி பூனையின் மேல் இருப்பதில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற நிலைகளில் படுக்கை மடிப்பிலும் சோபா இடுக்கிலும் விரிப்பின் அடியிலும் கிடக்கின்றன. குட்டி படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கவும், இடுக்குகளை வாக்குவம் வைத்து உறிஞ்சித் தூசியை உடனே மூடிக் கட்டி வெளியேற்றவும் சொன்னோம். மூன்றாம் வாரம் மீண்டும் தெள்ளு தென்பட்டதாக அம்மா பதறிப் பேசினார். கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது; அது வெளிவந்து பூனைமேல் ஏறும்போதுதான் சாகும். மருந்தை மாற்றாமல் தொடரச் சொன்னோம், அடுத்த மாதத்துக்குள் அது நின்றது.

நகத்தை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். அது வெறும் நகம் அல்ல, விரல் நுனி எலும்பையே வெட்டி எடுப்பது. இந்த நோய்க்காக அதை யாரும் பரிந்துரைப்பதில்லை. நுனியைக் கத்தரித்தால் போதும். கையை ஆட்டி, விரலைக் காட்டிக் குட்டியைச் சீண்டும் விளையாட்டை நிறுத்தி, நீளக் கயிற்றில் கட்டிய பொம்மையை வைத்துக்கொள்ளச் சொன்னோம். கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது, புண்ணைக் குட்டி நக்க விடாதது, எங்களிடம் சொல்வது ஆகிய மூன்றும் பிள்ளைகளிடமே நேராகச் சொல்லப்பட்டன.

பாட்டியைப் பற்றிய முடிவு

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். சிறுமிக்குச் சில மாத அவதியோடு போகும் இதே கிருமி, செயற்கை வால்வு உள்ளவர்களிடம் வால்விலேயே ஒட்டி வளரக்கூடும். அந்த நிலையில் வழக்கமான இரத்த வளர்ப்புச் சோதனையில் பெரும்பாலும் ஒன்றும் முளைக்காது. "காய்ச்சல், காரணம் தெரியவில்லை" என்று நாட்கள் ஓடும். பூனை என்ற சொல்லை யாராவது சொன்னால்தான் சரியான பரிசோதனை நடக்கும். இது அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளைத் தவிர்ப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. குட்டிகளின் இரத்தத்தில்தான் கிருமி அதிகம் இருக்கும், கீறுவதும் அவைதான் அதிகம். பாட்டிக்கு எதிர்ப்பாற்றல் குறைவில்லை, ஆனால் வால்வு இருக்கிறது. குட்டியை ஒரு வயது வரை வேறு வீட்டில் வைக்கலாம் என்பதையும் ஒரு வழியாகச் சொன்னோம். பாட்டி ஒப்பவில்லை. "பிள்ளை மூணு வாரம் வலியோட இருந்தது அதுக்காகத்தானே. அது இங்கேயே இருக்கட்டும், நான் தள்ளி இருந்துக்கறேன்" என்றார். அவருடைய இதய மருத்துவரிடம் பேசினோம். பாட்டியின் அறைக்குள் குட்டி வருவதில்லை, கையில் புண் இருந்தால் மூடியே வைப்பது, குட்டியைத் தூக்குவதில்லை என்று முடிவானது. அறிகுறி எதுவும் இல்லாததால் அவருக்குப் பரிசோதனை செய்யவில்லை. அவருடைய மருத்துவ அட்டையில் வால்வு விவரத்துக்குக் கீழே "வீட்டில் பூனைக்குட்டி, பேத்திக்கு பார்டோனெல்லா உறுதியானது" என்று எழுதி ஒட்டினோம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த வரி கூடவே போகும்.

கர்ப்பமாக இருந்த சிறுமியின் சித்தி, தான் இந்த வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். அவர் கேள்விப்பட்டிருந்தது டாக்ஸோபிளாஸ்மா. அது வேறு கிருமி, வேறு வழி. பூனையின் மலம், மண், சரியாக வேகாத இறைச்சி ஆகியவை மூலம் வாய்வழியாகப் போவது. பூனையின் மலத்தில் வெளிவரும் அந்தக் கிருமியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால் மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். அவர் தாராளமாக வரலாம் என்றோம்.

விளைவு

சீழ் எடுத்தபின் இரண்டாம் முறை உறிஞ்ச வேண்டி வரவில்லை. ஆறாம் வாரம் கையைத் தடையில்லாமல் தூக்கினாள். மூன்றாம் மாத முடிவில் விரலால் தேடினால் மட்டும் தட்டுப்படும் அளவுக்கு நெறி சுருங்கியிருந்தது. தோலில் தழும்பு இல்லை, புரை இல்லை. தம்பிக்கு எதுவும் வரவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை என்றாலும் அவன் கைகளையும் பார்த்தோம். பாட்டி நலம். குட்டி அங்கேயே வளர்கிறது.

நாங்கள் மாற்றியவை

எங்கள் மருத்துவமனையில் நெறியோடு வரும் யாரிடமும் இப்போது "கடித்ததா" என்பதோடு நிறுத்துவதில்லை. பூனை இருக்கிறதா, குட்டியா, எப்போது வந்தது, கீறியதா, தெள்ளு மருந்து போடுகிறீர்களா என்று ஐந்தும் கேட்கிறோம். பிள்ளைகளாக இருந்தால் பெற்றோர் அருகில் இல்லாதபோது ஒருமுறை தனியாகவும் கேட்கிறோம். அப்போது முதலில் சொல்வது, உன் பூனையை யாரும் எடுத்துப் போகமாட்டார்கள் என்பதுதான். அதைச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் வராது என்று நான் நம்புகிறேன். ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பும் சீட்டில் விலங்குத் தொடர்பு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

கால்நடை மருத்துவரும் தம் பக்கம் ஒன்றை மாற்றினார். புதிதாகக் குட்டி எடுத்தவர்களிடம் வீட்டில் செயற்கை வால்வு, உறுப்பு மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி. என்று யாருக்காவது உண்டா என்று கேட்கிறார். உண்டு என்றால், அவர்கள் சம்மதித்தபின், எங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார். குட்டி வீட்டுக்குள் நுழையும் முதல் நாளே அதன் வயதுக்கும் எடைக்கும் பொருந்தும் தெள்ளு மருந்தைத் தொடங்கி, ஆண்டு முழுவதும் இடைவிடாமல் தொடரச் சொல்கிறார். சிறுமியின் வீட்டில் அந்தத் தேதியை அவளே நாட்காட்டியில் குறித்து வைக்கிறாள்.